கார்ப் பந்தயத் திரையில் வட்ட இயக்கம்

ஒன்பதாம் வகுப்பில் ‘இயக்கம்’ பாடம் நடத்தும்போது கல்லைக் கயிற்றில் கட்டிச் சுற்றிக் காட்டுவது நம் எல்லோருக்கும் பழக்கம்தான். மையநோக்கு விசை புரிந்துவிடும். ஆனால் வேகம் இரட்டித்தால் விசை ஏன் நான்கு மடங்காகிறது, ஆரம் கூடினால் ஏன் குறைகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் நான் கார்ப் பந்தய சிமுலேட்டரைக் கொண்டு வருகிறேன். என் மாணவர்களில் பலர் கைப்பேசியில் பந்தய விளையாட்டு ஆடுகிறார்கள். சிலர் அப்பாவின் பைக்கையும் எடுக்கிறார்கள். “கேம்ல நல்லா ஓட்டுனா நெஜத்துலயும் ஓட்டலாம்ல மிஸ்?” என்று ஒருவன் கேட்டான். ‘முடியாது’ என்று சொல்லி முடித்துவிட முடியாத கேள்வி அது. ஏனென்றால் சிலருக்கு முடிந்திருக்கிறது.

‘கிரான் டூரிஸ்மோ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டில் திறமை காட்டுபவர்களை உண்மையான பந்தய ஓட்டுநர்களாக்க, நிசான் நிறுவனமும் சோனியும் 2008 இல் ‘ஜிடி அகாடமி’ என்ற போட்டியைத் தொடங்கின. முதலில் வென்றவர் லூகாஸ் ஓர்டோனெஸ் என்ற ஸ்பெயின் நாட்டு மாணவர். 2011 இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இவரது அணி தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தது. அதே 2011 இல் அகாடமியை வென்ற ஜான் மார்டன்பரோ என்ற பிரிட்டன் இளைஞருக்கு அப்போது 19 வயது. 2013 லே மான் பந்தயத்தில் இருவரும் ஒரே காரை மாறி மாறி ஓட்டிய அணி, தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது.

இந்தக் கதையில் மாணவர்கள் தாவிச் செல்லும் பகுதி ஒன்று உண்டு. விளையாட்டில் வென்றவரை மறுநாளே லே மானில் இறக்கிவிடவில்லை. பயிற்றுநர்களுடன் உண்மையான காரில் மாதக்கணக்கில் பயிற்சி, சிறிய பந்தயங்கள், அதன் பிறகே நீண்ட பந்தயம். அப்படியானால் திரை எதைக் கற்றுத்தந்தது, எதைத் தரவில்லை? என் பாடமே இந்தக் கேள்விதான்.

திரை கற்றுத்தருவதில் முதன்மையானது பாதை. வளைவின் வெளி ஓரத்தில் நுழைந்து, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்குப் போவது பந்தய ஓட்டுநர்களின் வழி. ஏன் என்று மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் வரைந்து பார்த்தோம். செங்கோணமாகத் திரும்பும் ஒரு சாலை. உள் விளிம்பின் ஆரம் 3 மீட்டர், வெளி விளிம்பின் ஆரம் 5 மீட்டர். இருபுறமும் 5 மீட்டர் நேர்ச்சாலை விட வேண்டும். சாலையின் நடுவிலேயே நடந்தால் ஆரம் 4 மீட்டர். இனி வளைவின் மைய முளையிலிருந்து, வண்டி வரும் திசைக்குப் பின்னோக்கி 4.8 மீட்டர் வந்து, அங்கிருந்து சாலையை விட்டு விலகிச் செங்குத்தாக 4.8 மீட்டர் நகர்ந்து இன்னொரு முளை அடியுங்கள். அதில் 9.8 மீட்டர் கயிற்றைக் கட்டி வளைவு வரைந்தால், அது வெளி ஓரத்தில் தொடங்கி, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபுறம் வெளி ஓரத்தில் முடியும். அதே சாலை, ஆரம் மட்டும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. முடுக்கம் மாறாதிருக்க வேகத்தை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகக் கூட்டலாம். கயிற்றைப் பிடித்து நின்ற பிள்ளைகளுக்கு வர்க்கமூலம் எதற்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது பிரேக் பிடிக்கும் இடம். டயர் தாங்கக்கூடிய முடுக்கம் நொடிக்கு நொடி 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் உச்ச வேகம் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வருபவர் அந்த வேகத்துக்குக் குறைய 75 மீட்டர் வேண்டும். 44 மீட்டர் வேகத்தில் வந்தால் 96 மீட்டர். வேகம் பத்தில் ஒரு பங்கு கூடியதற்கு 21 மீட்டர் முன்னதாகவே காலை வைக்க வேண்டும்! பந்தயத் தடங்களில் வளைவுக்கு முன் தூரப் பலகைகள் இருப்பது இதற்காகத்தான். ‘டார்க்ஸ்’ என்ற கட்டற்ற மென்பொருளில் ஒரே வளைவைப் பத்து முறை ஓட்டச் செய்து, எங்கே பிரேக் பிடித்தார்கள் என்று குறிக்கச் சொன்னேன். எங்கள் ஆய்வகத்தில் ஸ்டீயரிங் கிடையாது, விசைப்பலகைதான். அதில் பிரேக்கைப் பாதி அழுத்த முடியாது. இந்தப் பயிற்சிக்கு அது போதும்.

திரை தராதது உடம்பின் அறிவு. பிரேக் பிடித்ததும் காரின் எடை முன்சக்கரங்களுக்குப் போகிறது, பின்சக்கரங்களின் பிடி குறைகிறது. பின்பகுதி வழுக்கத் தொடங்குவதை உண்மையான ஓட்டுநர் கண்ணால் காண்பதற்கு முன் இருக்கையில் உணர்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் படம் திரும்பிய பிறகே அறிகிறார். பந்தயக் காரின் பிரேக்கில், மிதி எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைவிடக் கால் எவ்வளவு விசை கொடுத்தது என்பதே முக்கியம். அதனால்தான் தரமான சிமுலேட்டர்களில் விசையை அளக்கும் மிதி வைக்கிறார்கள். விலை குறைந்தவை தூரத்தை மட்டுமே அளக்கும்.

இன்னொன்று, மோதினால் தொடக்கத்துக்கே திரும்பும் பொத்தான். 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் மார்டன்பரோவின் கார் ஒரு மேட்டில் காற்றில் எழும்பி, வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்தார். அந்தத் தடம் கிரான் டூரிஸ்மோ விளையாட்டிலும் உண்டு. இதைச் சொன்னபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. நானும் விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

இந்தப் பாடத்தை எடுக்க விரும்பும் ஆசிரியர்கள் ஒன்றைத் தவறாமல் செய்ய வேண்டும் என்பேன். மைதானத்தில் வரைந்த பாதையின் நடுவே வெள்ளைக் கோடு போட்டு, எதிர்ப்புறமிருந்து ஒரு மாணவியை நடந்து வரச் சொல்லுங்கள். பந்தயத் தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், சாலை முழுவதும் ஓட்டுநருக்குச் சொந்தம். நம் ஊர்ச் சாலையில் பாதிதான் நமக்கு. வெளியே, உள்ளே, வெளியே என்ற பாதை நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வருபவரின் பக்கம் போகிறது. கேள்வி கேட்ட அதே மாணவன், “அப்போ ரோட்டுல ஆரத்தக் கூட்ட முடியாது, வேகத்தத்தான் கொறைக்கணும்” என்றான். அவனையே கரும்பலகைக்கு அழைத்தேன்.

18 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பம். அதே 8 என்ற முடுக்கத்துக்கு நொடிக்கு 12 மீட்டர், மணிக்கு 43 கி.மீ. மணல் சிதறிக் கிடந்து பிடி பாதியாகிவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. இது டயரின் எல்லை, ஓட்ட வேண்டிய வேகம் அல்ல என்று பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் பள்ளிக்கு வரும் வழியில் உள்ள மூன்று திருப்பங்களின் ஆரத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்திலிருந்து அளக்கப் போகிறார்கள். உலர்ந்த சாலைக்கு ஒரு வேகம், மணல் கிடக்கும் நாளுக்கு ஒரு வேகம் என்று கணக்கிட்டு, வீட்டில் பைக் ஓட்டுபவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கி வர வேண்டும்.