திராட்சைத் தோட்ட விருந்து: மணிமங்கலம் உழவர்கள் கற்க வேண்டியது என்ன?

காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் ஏரி நீரையும் கிணற்று நீரையும் நம்பி நெல் பயிரிடும் சிறு உழவர்கள் இன்றும் உள்ளனர். இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹுண்டாய் கார் ஆலையும், ஓரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனோ-நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைத் தொடர்ந்து பல ஆலைகள் வந்தன. நிலத்தின் விலை ஏறியது. ஆள் கூலியும் ஏறியது. நெல்லில் கிடைக்கும் வரவு அந்த அளவுக்கு ஏறவில்லை. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தில், "மனை போட்டு விற்றுவிடலாமா?" என்ற பேச்சு எழுவது இயல்பே.

இத்தகைய நேரத்தில் வேறொரு யோசனையும் சிலருக்குத் தோன்றலாம். மகாராஷ்டிரத்தில் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க நகரத்தார் கார்களில் வருகின்றனர். அங்கே ஒயினைச் சுவைத்து, இத்தாலிய உணவு உண்டு, பணம் கொடுத்துச் செல்கின்றனர். வெளிநாட்டுப் பொறியாளர்கள் பணிபுரியும் நம் வட்டாரத்திலும் திராட்சை நட்டால் என்ன என்பதே அந்த யோசனை. திராட்சை நட வேண்டாம். ஆனால் அந்தத் தோட்டங்கள் விருந்தினரை நடத்தும் முறையைக் கற்றுக்கொள்ளலாம் என்பதே இதற்குரிய விடை. அதன் காரணங்களைக் காண்போம்.

அக்லூஜ் தோட்டம்

மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் அக்லூஜ் என்னும் ஊர் உள்ளது. கரும்புக்குப் பெயர் பெற்ற பகுதி அது. அங்கு 2007ஆம் ஆண்டு ஃபிராடெல்லி என்ற ஒயின் நிறுவனம் தொடங்கப்பட்டது. இத்தாலிய மொழியில் இச்சொல்லுக்குச் சகோதரர்கள் என்று பொருள். இத்தாலி நாட்டின் செச்சி சகோதரர்களும், டெல்லியைச் சேர்ந்த சேக்ரி சகோதரர்களும், அக்லூஜின் மோஹிதே-பாட்டீல் குடும்பத்தாரும் இணைந்து இதைத் தொடங்கினர். டஸ்கனி பகுதியைச் சேர்ந்த பியரோ மாசி ஒயின் தயாரிப்பு வல்லுநராகச் செயல்பட்டார். அப்பகுதியின் தலையாய திராட்சை வகையான சாஞ்சியோவேசே அக்லூஜிலும் நடப்பட்டது.

நாசிக்கில் சூலா நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஒயின் ஆலையைத் திறந்து, 2005இல் பார்வையாளருக்கென்று சுவைக்கூடம் அமைத்தது. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில், 1988இல் நிறுவப்பட்ட குரோவர் தோட்டம் உள்ளது. எல்லா இடங்களிலும் பார்வையிடும் முறை ஏறக்குறைய ஒன்றே. முன்பதிவு செய்தவர்கள் குறித்த நேரத்தில் வருகின்றனர். முதலில் தோட்டத்தையும், அடுத்து ஆலையையும் பார்க்கின்றனர். பின்னர்ச் சுவைத்தல், அதன்பின் உணவு. புறப்படும்போது விற்பனைக் கூடம் வழியாக வெளியேறுகின்றனர்.

பழம் ஒயினாகும் விதம்

ஒயின் திராட்சை, நாம் உண்ணும் திராட்சை அன்று. பழம் சிறியது, விதையும் தடித்த தோலும் உடையது. கொடியைக் கம்பி வரிசையில் நேராக ஏற்றி வளர்க்கின்றனர். அதிகக் குலைகள் விட்டால் சாறு நீர்த்துவிடும் என்பதால் விளைச்சலைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர். சாற்றில் இனிப்பு 22 முதல் 24 பிரிக்ஸ் அளவை எட்டியதும் அறுவடை செய்கின்றனர். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும். எனவே இத்தகைய சாறு 13 சதவீத அளவுள்ள ஒயினாகிறது.

வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கி, சாற்றை மட்டும் குளிர்ந்த நிலையில் நொதிக்க விடுகின்றனர். சிவப்பு ஒயினுக்குத் தோலும் விதையும் சாற்றுடன் சேர்ந்தே நொதிக்கின்றன. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குகின்றன. சில வகைகளை 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் வைத்து முதிர்விக்கின்றனர்.

சுவைத்தலும் உணவும்

சுவைக்கூடத்தில் ஒருவருக்கு நான்கு அல்லது ஐந்து வகைகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30 மில்லி மட்டுமே ஊற்றுகின்றனர். மெல்லிய சுவை முதலில், கனத்த சுவை பின்னர், இனிப்பு இறுதியில் என்பது வரிசை. முதலில் நிறத்தைப் பார்த்து, பிறகு மணத்தை முகர்ந்து, கடைசியாகச் சிறிது வாயில் வைத்துச் சுவைக்க வேண்டும். விழுங்க விரும்பாதவர் துப்புவதற்குக் கலம் உண்டு. இடையில் வெறும் ரொட்டியும் நீரும் கொடுப்பார்கள். நாக்கு முந்தைய சுவையை மறந்தால்தான் அடுத்த சுவை தெளிவாகத் தெரியும்.

இத்தாலிய உணவுக்கும் வரிசை உண்டு. முதலில் சிறு தொடுகறிகள், அடுத்து பாஸ்தா அல்லது ரிசோட்டோ என்னும் குழைவான சோறு, பிறகு இறைச்சி அல்லது மீன், முடிவில் இனிப்பு. தக்காளியின் புளிப்புக்குப் புளிப்புள்ள ஒயினும், பாலாடைக்கட்டியின் கொழுப்புக்குத் துவர்ப்புள்ள சிவப்பு ஒயினும் பொருந்தும். மிளகாய்க் காரத்துடன் ஆல்கஹால் சேர்ந்தால் எரிச்சல் கூடும். ஆகவே காரமான உணவுடன் கனத்த ஒயினைத் தவிர்க்கின்றனர். புளித்த மோர்க்குழம்புடன் பருப்புசிலி, ரசத்தை அடுத்துத் தயிர் என்று நம் வீட்டுப் பந்தியிலும் இந்த அறிவு உண்டு.

கால் கிலோ கணக்கு

உழவர்கள் உற்று நோக்க வேண்டிய இடம் இதுவே. ஒரு கிலோ திராட்சையிலிருந்து ஏறத்தாழ 650 மில்லி ஒயின் கிடைக்கும் என்று கொள்வோம். ஐந்து வகைகளை 30 மில்லி வீதம் சுவைக்கும் ஒருவர் 150 மில்லி அருந்துகிறார். அதற்குத் தேவைப்படும் பழம் கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு.

அப்படியானால் வந்தவர் கொடுத்த கட்டணம் எதற்காக? கால் கிலோ பழத்துக்காக அன்று. பழம் எப்படி ஒயினாகிறது என்று ஒருவர் பொறுமையாக விளக்கியதற்காக, நிழலான இடத்துக்காக, தூய்மையான கழிப்பறைக்காக, வரிசையறிந்து பரிமாறிய உணவுக்காக. மேலும், சுவைத்த பொருளை நம்பி அவர் வாங்கிச் செல்லும் புட்டிகளில்தான் தோட்டத்தின் நிலையான வரவு இருக்கிறது. வயலுக்கும் இலைக்கும் இடையே செய்யப்படும் வேலைக்கே பணம் கிடைக்கிறது. அந்த வேலைக்குத் திராட்சைதான் வேண்டும் என்பதில்லை.

மணிமங்கலத்தில் திராட்சை ஏன் வேண்டாம்?

தென்னிந்தியத் தீபகற்பத்தில் ஒயின் திராட்சைக்கு ஏப்ரலில் ஒரு கவாத்தும், செப்டம்பர்-அக்டோபரில் காய்ப்புக் கவாத்தும் செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கின்றனர். நாசிக், அக்லூஜ் பகுதிகளில் காய்ப்புக் கவாத்துக்குப் பின் மழை ஓய்ந்து, இரவு குளிர்கிறது. காஞ்சிபுரம் பகுதியிலோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. இளந்தளிரும் பூவும் நனைந்தால் அடிச்சாம்பல் நோய் தாக்கும். மருந்துச் செலவு பெருகும். நிறமும் மணமும் கூடுவதற்கு வேண்டிய இரவுக் குளிரும் இங்குப் போதாது.

தமிழகத்தில் திராட்சைக்கு ஏற்ற இடம் தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் பெரும்பாலும் பழமாகவே விற்கப்படுகிறது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1937ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இன்றி ஒயின் தயாரிப்பதும் விற்பதும் குற்றமாகும். வீட்டுக் குடத்தில் புளிக்க வைத்து விருந்தினருக்குக் கொடுப்பதும் வழக்கில் முடியும்.

நாசிக் தரும் எச்சரிக்கை

மகாராஷ்டிர அரசு 2001இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனக் கொள்கை வகுத்துச் சலுகைகள் அளித்தது. ஆலைகள் பெருகின, பல உழவர்கள் ஒயின் திராட்சைக்கு மாறினர். 2008-2009இல் உலகப் பொருளாதாரம் தளர்ந்தது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் சுற்றுலாவும் குறைந்தது. ஒயின் தொட்டிகளிலேயே தேங்கியது. ஆலைகள் பழம் வாங்குவதைக் குறைத்தன. உண்ணும் திராட்சையானால் சந்தைக்குக் கொண்டு செல்லலாம். தோல் தடித்த, விதை நிறைந்த ஒயின் திராட்சையைச் சந்தையில் வாங்குவார் இல்லை. பலர் கொடிகளை வெட்டி எறிய நேர்ந்தது. வாங்குபவர் ஒருவரே உள்ள பயிரை, எழுத்து வடிவ ஒப்பந்தம் இல்லாமல் நடக் கூடாது என்பது அவர்கள் பெருஞ்செலவில் கற்ற பாடம்.

நெல்லைக் கொண்டு விருந்து

விருந்தினர் வராத ஆண்டிலும் விற்கக்கூடிய பயிரே சிறு உழவருக்குப் பாதுகாப்பு. மணிமங்கலத்தில் அத்தகைய பயிர் நெல். ஒயினைப் போலவே அரிசியிலும் நிறம், மணம், மென்மை ஆகியவை வகைக்கு வகை மாறும். தூயமல்லிச் சோற்றுக்கு ரசமும், சீரகச் சம்பாவுக்குப் பிரியாணியும், மாப்பிள்ளைச் சம்பாவுக்குக் கஞ்சியும் துவையலும், கருப்புக் கவுனிக்கு வெல்லமும் தேங்காய்ப் பாலும் பொருந்தும். மெல்லியது முதலில், கனத்தது பின்னர், இனிப்பு இறுதியில் என்ற வரிசையில் நான்கையும் சிறு சிறு அளவாகப் பரிமாறலாம். தோட்டத்துக் கீரை, முருங்கை, கத்தரி ஆகியவை தொடுகறியாகும். குடிப்பதற்கு இளநீரும் மோரும் போதும். வந்தவர் காரோட்டித் திரும்பவும் தடையில்லை.

ஒன்றரை ஏக்கர் உள்ளவர் ஒரு ஏக்கரில் வழக்கமான உயர் விளைச்சல் ரகத்தையே பயிரிட்டு, நெல் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பட்டும். அரை ஏக்கரை மட்டும் இதற்கு ஒதுக்கலாம். பாரம்பரிய ரகத்துக்கு ஏக்கருக்கு 1.5 டன் நெல் என்று குறைவாகவே கணக்கிட்டாலும், அரை ஏக்கரில் 750 கிலோ நெல்லும், அரைத்தால் ஏறத்தாழ 450 கிலோ அரிசியும் கிடைக்கும். விருந்தில் ஒருவர் உண்பது 200 கிராம் அரிசிக்கு மேல் போகாது. ஆனால் அவர் 3 கிலோ வாங்கிச் சென்றால், 150 விருந்தினரிடமே அரிசி முழுவதும் விற்றுவிடும். ஒரு தடவைக்கு 15 பேர் எனில் பத்துத் தடவை போதும். பத்துக்கும் ஆள் வராவிட்டால் மீந்த அரிசி கெட்டுவிடாது. ஈரப்பதம் 12 முதல் 13 சதவீதத்துக்குள் இருக்கும்படி உலர்த்திப் பாதுகாத்து, கடைக்கும் கொடுக்கலாம்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. ஆகஸ்டில் நாற்று விட்டால் தூயமல்லி ஏறத்தாழ 135 நாளிலும் கருப்புக் கவுனி 150 நாளிலும் அறுவடைக்கு வரும். உயரமான ரகங்கள் மழைக் காற்றில் சாயும். தழைச்சத்தை அளவோடு இட வேண்டும்.

2. முதல் ஆண்டில் இரண்டு ரகம் போதும். மற்றவற்றை நம்பகமான உழவரிடம் வாங்கி, அவர் வயலில் விளைந்தது என்று விருந்தினரிடம் சொல்லியே பரிமாற வேண்டும்.

3. விருந்தினர் நடக்கும் வயலில், வருகைக்கு முன் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. மருந்துப் புட்டிகளைப் பூட்டி வைக்க வேண்டும். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் அவசியம்.

4. உணவு வழங்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். குடிநீரைப் பரிசோதிக்க வேண்டும். கொட்டகை போடுமுன் ஊராட்சியில் கேட்டறிய வேண்டும்.

5. கடன் வாங்கிக் கட்டடம் எழுப்ப வேண்டாம். நிழல், பாய், தூய்மையான கழிப்பறை, கைகழுவும் இடம் ஆகியவற்றுடன் தொடங்கலாம்.

6. சமைக்கும் பெண்களின் உழைப்புக்கும் கூலி கணக்கிட வேண்டும். அதை விட்டுவிட்டுப் பார்க்கும் இலாபம் பொய்யான இலாபம்.

விதைத் தேர்வுக்குத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தையும், பயிற்சிக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், மற்ற உதவிகளுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையும் அணுகலாம்.

இத்தாலி நாடு 1985ஆம் ஆண்டிலேயே பண்ணை விருந்துக்கெனச் சட்டம் இயற்றி, 2006இல் அதைத் திருத்தி அமைத்தது. விருந்தினரை ஏற்கும் பண்ணையில் உழவே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. விருந்துக்காக உழவைக் கைவிட்டால் அது வெறும் உணவு விடுதியாகிவிடும். மணிமங்கலம் உழவர்கள் அயல்நாட்டுக் கொடியை நட வேண்டியதில்லை. இந்த ஒரு விதியை மனத்தில் கொண்டு, வரும் சம்பாப் பருவத்தில் அரை ஏக்கரில் முயன்று பார்க்கலாம். நிலத்தை விற்பதா என்ற கேள்விக்கு, அறுவடைக்குப் பின் கணக்கு நோட்டைப் பார்த்து முடிவு சொல்லலாம்.