பழைய கேம் விற்க யாரிடம் கையெழுத்து வாங்குவது?

கேள்வி: நான் லண்டனில் மென்பொருள் பொறியாளர். 80-களின் நடுவில் அப்பா வாங்கித்தந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்தான் எனக்குக் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. அந்தக் காலத்து கேம்களில் இருபதைத் தேர்ந்தெடுத்து, எமுலேட்டரோடு சேர்த்து, ஸ்டீமிலும் ஃபோனிலும் 5 பவுண்டுக்கு விற்க நினைக்கிறேன். தொழில்நுட்ப வேலை முடிந்துவிட்டது. கேம் ஃபைல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெளியிட்ட கம்பெனிகளில் பல மூடி முப்பது வருடமாகிறது. "யார் வந்து கேட்கப்போகிறார்கள், போட்டுவிடு" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அனுமதி கேட்டு இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. முறைப்படி செய்ய எங்கே தொடங்க வேண்டும்?

பதில்: உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். யாரும் வந்து கேட்கவில்லை என்பது அனுமதி ஆகாது. இலவசமாகப் பகிர்பவர்களை உரிமையாளர்கள் கண்டும் காணாமல் விடுவதுண்டு. காசு வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து கதை வேறு.

பிரிட்டனில் பதிப்புரிமை, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஸ்பெக்ட்ரம் கேம்களை எழுதியவர்கள் பலர் அப்போது மீசை முளைக்காத பிள்ளைகள். 1983-இல் 'மேனிக் மைனர்' வெளிவந்தபோது அதை எழுதிய மேத்யூ ஸ்மித்துக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்த வயதில் எழுதியவற்றின் உரிமை அடுத்த நூற்றாண்டு வரைக்கும் உயிரோடு இருக்கும்.

கம்பெனி மூடினால் உரிமையும் போய்விடும் என்பதும் தவறு. இங்கிலாந்தில் ஒரு கம்பெனி கலைக்கப்படும்போது, யாருக்கும் விற்காமல் மிஞ்சிய சொத்து மன்னருக்குப் போய்ச் சேரும். பதிப்புரிமையும் அந்தச் சொத்தில் அடக்கம். இதைப் பார்த்துக்கொள்ளவே அரசின் சட்டத்துறையில் 'போனா வகான்சியா' என்று ஒரு பிரிவு இருக்கிறது. கம்பெனியின் கடைசிப் பதிவு அலுவலகம் லிவர்பூல், மான்செஸ்டர் பக்கம் இருந்திருந்தால், போக வேண்டிய இடம் லங்காஸ்டர் டச்சி. உங்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் பக்-பைட், சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸ், ஓஷன் என்று அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள் பல அந்த இரண்டு ஊர்களைச் சேர்ந்தவை. ஆக, ஒரு கம்பெனி மூடியிருந்தால் முதலில் கம்பெனிஸ் ஹவுஸ் பதிவைப் பாருங்கள். கலைக்கப்படும் முன் சொத்து கைமாறியதா, அல்லது யாரும் கேட்காமல் கிடந்ததா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கைமாறியிருந்தால் சங்கிலி நீளமாக இருக்கும். இமேஜின் என்ற கேம் நிறுவனம் 1984-இல் நொடித்துப்போனது. அதன் பெயரை ஓஷன் வாங்கிக்கொண்டது. ஓஷனை 1996-இல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் வாங்கியது; 1999-இல் கிரெம்லின் என்ற கேம் நிறுவனத்தையும் வாங்கியது. அந்த இன்ஃபோகிராம்ஸ் பிறகு அட்டாரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எந்தெந்த கேம் போனது, எது போகவில்லை என்பதற்குத் தனித்தனி ஒப்பந்தக் காகிதம் இருந்திருக்க வேண்டும். அந்தக் காகிதம் இன்றைக்கு எங்கோ ஒரு கிடங்கில் பெட்டிக்குள் கிடக்கிறது.

பெரிய நிறுவனங்கள் ஏன் பதில் போடுவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். உங்கள் 5 பவுண்டையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20% வாட் கழித்தால் 4 பவுண்டு 17 பென்ஸ். ஸ்டீம் 30% எடுத்துக்கொண்டால் மிச்சம் 2 பவுண்டு 92 பென்ஸ். அதில் பாதியை உரிமையாளர்களுக்குக் கொடுத்து இருபது கேமுக்கும் பிரித்தால், ஒரு கேமுக்கு 7 பென்ஸ். ஆயிரம் தொகுப்பு விற்றாலும் ஓர் உரிமையாளருக்குக் கிடைப்பது 73 பவுண்டு. அந்தக் கிடங்குப் பெட்டியைத் திறந்து, ஒப்பந்தத்தைப் படித்து, "ஆம், இது நம்முடையதுதான்" என்று ஒரு வழக்கறிஞர் உறுதி சொல்ல அதைப்போலப் பல மடங்கு செலவாகும். அவர்கள் பேராசைப்படுவதாக நான் நினைக்கவில்லை. பதில் சொல்வதற்கு ஆகும் செலவு, பதிலால் வரும் வருமானத்தைவிட அதிகம். அதனால் உங்கள் கடிதம் யார் மேசையிலும் நிற்காமல் போய்விடுகிறது.

இதன் விளைவு கண்ணெதிரே இருக்கிறது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதத்தை இன்று கடையில் வாங்க வழியில்லை என்றது. ஸ்பெக்ட்ரம் காலத்து இன்னொரு கணினியான கமடோர் 64-இன் கேம்களை மட்டும் எடுத்தால், வாங்கக் கிடைப்பவை நூற்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. எமுலேட்டர்கள் இவ்வளவு தேர்ந்துவிட்ட காலத்தில் இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இனி உங்கள் தொகுப்புக்குள் வருவோம். ஒரு கேம் என்றால் ஓர் உரிமை என்று எண்ணாதீர்கள். 'ஜெட் செட் வில்லி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் வந்தது, இதுவும் மேத்யூ ஸ்மித் எழுதியதே. நிரல் அவருடையது, வெளியிட்டது சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸ். ஆகவே இருவருக்கும் இடையே என்ன எழுதிக்கொண்டார்கள் என்பது முதல் கேள்வி. அடுத்தது இசை. தலைப்புத் திரையில் ஒலிப்பது பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா. அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஆரம்பப் பிரதிகளில், ஆடும்போது 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' இசைநாடகப் பாடல் ஒன்றின் மெட்டு வரும். அதன் உரிமையாளர்கள் காசு கேட்டதால், பின்னால் வந்த பிரதிகளில் அதை எடுத்துவிட்டு, பழைய இசையமைப்பாளர் கிரீக்கின் மெட்டைப் போட்டார்கள். நீங்கள் இணையத்திலிருந்து இறக்கி வைத்திருக்கும் ஃபைல் எந்தப் பிரதி? காதால் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். முந்தைய பிரதியாக இருந்தால், மேத்யூ ஸ்மித் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் உங்கள் கையில் இன்னொருவர் பாட்டு இருக்கிறது.

அதே கேமில் இன்னொரு சங்கதி. கேசட்டோடு ஓர் அட்டை வரும். 180 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு நிறங்களின் வரிசை. கேம் ஏறி முடிந்ததும் திரை ஒரு கட்டத்தைக் குறிப்பிட்டுக் கேட்கும்; அட்டையைப் பார்த்து அதிலுள்ள நிறங்களை அடித்தால்தான் உள்ளே விடும். திருட்டு நகலைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. அன்றைக்கு வண்ண நகல் எடுப்பது எளிதாக இருக்கவில்லை. இப்போது நீங்கள் அந்த அட்டையை அச்சு அசலாகத் தர வேண்டும், அல்லது நிரலைத் திருத்தி அந்தக் கேள்வியை நீக்க வேண்டும். அப்படியே வெளியிடும் உரிமை ஒன்று, திருத்தி வெளியிடும் உரிமை வேறொன்று. ஒப்பந்தத்தில் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் ஃபைல்களில் பல, யாரோ பூட்டை உடைத்துத் தங்கள் பெயரையும் போட்டுக்கொண்டவை. விற்பதற்கு அவற்றைத் தொடவேண்டாம். அசல் கேசட்டை வாங்கி நீங்களே பதிவெடுங்கள்.

கேசட் உறையில் இருக்கும் படத்தையும் மறந்துவிடாதீர்கள். ஓவியர் சம்பளத்துக்கு வேலை செய்தவரா, ஃப்ரீலான்ஸரா என்று பாருங்கள். சம்பளத்தில் இருந்தவர் வரைந்தால் உரிமை முதலாளிக்கு. ஃப்ரீலான்ஸர் வரைந்திருந்தால், எழுத்தில் மாற்றிக்கொடுக்காதவரை அவருக்கே. நிரலாளருக்கும் இசையமைப்பாளருக்கும் இதே கணக்குதான். மேத்யூ ஸ்மித் ஃப்ரீலான்ஸர் என்பதால்தான் 'மேனிக் மைனர்' முதலில் பக்-பைட்டிலும் பிறகு சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸிலும் வெளிவந்தது.

சினிமா, விளையாட்டு வீரர், ஆர்கேட் பெயர்களில் வந்த கேம்களை முதல் தொகுப்பில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஓஷனின் 'ரோபோகாப்', 'டேலி தாம்சன்ஸ் டெகாத்லான்', யூ.எஸ். கோல்டின் 'அவுட் ரன்' போன்றவற்றில் நிரலின் உரிமை கிடைத்தாலும் பெயரின் உரிமை வேறெங்கோ இருக்கும். 1996-இல் ஆக்டிவிஷன், இன்ஃபோகாமின் எழுத்து கேம்களை ஒரே சிடியில் தொகுத்தது. எல்லாம் அதன் சொந்தச் சொத்து. அப்படியும், நாவல்களிலிருந்து உருவான 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட்', 'ஷோகன்' இரண்டையும் அதில் சேர்க்க முடியவில்லை; நாவல்களுக்கான உரிமம் காலாவதியாகிவிட்டது.

எமுலேட்டர் முடிந்தது என்கிறீர்கள். முழுக்க நீங்களே எழுதியதென்றால் சரி. 'ஃப்யூஸ்' போன்ற ஒன்றை அடிப்படையாக வைத்திருந்தால் அது ஜிபிஎல் உரிமத்தில் வருவது. விற்கலாம், ஆனால் வாங்குபவருக்கு சோர்ஸ் கோடையும் தர வேண்டும். ஆப்பிள் கடையின் விதிகளோடு ஜிபிஎல் ஒத்துப்போகாது என்ற புகாரால்தான் 2011-இல் விஎல்சி பிளேயர் அங்கிருந்து நீக்கப்பட்டது. ஆகவே ஃபோனுக்கு உங்கள் சொந்த நிரலே பாதுகாப்பு. ஆப்பிள் 2024-இல்தான் எமுலேட்டர்களுக்குப் பொதுவாகக் கதவைத் திறந்தது. அதற்கு முன் 2009-இல் ஒரு கமடோர் 64 ஆப்பை, உள்ளே பேசிக் மொழியில் நிரல் எழுத வழியிருக்கிறது என்பதற்காகவே எடுத்துவிட்டார்கள்.

ஸ்பெக்ட்ரமுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ரோம் பற்றிக் கவலை குறைவு. ஸ்பெக்ட்ரமைத் தயாரித்த சின்க்ளேரின் கணினித் தொழிலை 1986-இல் 5 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய ஆம்ஸ்ட்ராட், உரிமைக் குறிப்பை அழிக்காமல் எமுலேட்டரோடு ரோமைப் பகிரலாம் என்று 1999-இல் அறிவித்தது. ஆம்ஸ்ட்ராடை 2007-இல் ஸ்கை வாங்கிவிட்டது. நீங்கள் விற்கப்போவதால் ஸ்கையிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்வது நல்லது. 'சின்க்ளேர்', 'ஸ்பெக்ட்ரம்' பெயர்களும் கணினியின் மேலிருந்த வானவில் கோடும் டிரேட்மார்க் சங்கதி. அவற்றை அட்டையில் போட 1999 அனுமதி உதவாது.

இவ்வளவு சொன்னதும் விட்டுவிடலாமா என்று தோன்றும். விடாதீர்கள். உரிமை ஒரே கையில் இருக்கும் இடங்களில் அழகாக நடந்திருக்கிறது. அல்டிமேட் என்ற பெயரில் ஸ்பெக்ட்ரம் கேம் எழுதியவர்களே பின்னால் ரேர் நிறுவனத்தை நடத்தினார்கள்; அதை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதனால் 2015-இல் வந்த 'ரேர் ரீப்ளே'யில் 'ஜெட்பேக்', 'சேபர் வுல்ஃப்', 'நைட் லோர்' எல்லாம் முறைப்படி கிடைத்தன. கேம் எழுதிய ஜெஃப் மின்ட்டர் தன் கேம்களில் பெரும்பாலானவற்றைத் தானே வெளியிட்டவர். 2024-இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் அவருடைய 42 கேம்களை, அவர் வாழ்க்கைக் கதையோடு தொகுத்து விற்றது. பழைய கேம் விற்பதற்கு நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த வடிவம் அதுதான். 2015-இல் வந்த ஸ்பெக்ட்ரம் வேகா கருவியில் ஆயிரம் கேம்கள் இருந்தன. ஆளுக்குச் சில பென்ஸ் பிரிப்பதற்குப் பதிலாக, ராயல்டியைக் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுக்க எழுதியவர்கள் சம்மதித்தார்கள். உங்கள் 7 பென்ஸ் கணக்குக்கு இந்த யோசனை பொருந்தும். ஆனால் சம்மதம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, எழுத்தில் இருக்க வேண்டும்.

அதனால் கடிதங்களின் வரிசையை மாற்றுங்கள். நிறுவனங்களைக் கடைசியில் வைத்து, எழுதியவர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்கள் இன்று அறுபதை ஒட்டிய வயதில் இருப்பார்கள். பழைய ஒப்பந்தத்தின் நகல் அவர்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம். குறிப்பிட்ட காலம் விற்பனையில் இல்லாவிட்டால் உரிமை எழுதியவருக்கே திரும்பும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், பதில் போடாத அந்த நிறுவனங்களிடம் நீங்கள் போகவே தேவையில்லை.

இருபது என்ற எண்ணில் பிடிவாதம் வேண்டாம். ஒரே ஆள் நிரலும் படமும் இசையும் செய்த ஐந்து கேம் கிடைத்தால் அதோடு வெளியிடுங்கள். ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். எந்தக் கேம், எந்தப் பிரதி, எந்தெந்தக் கருவியில், எந்தெந்த நாட்டில், எத்தனை ஆண்டுக்கு, திருத்தும் உரிமை உண்டா, ராயல்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பவை அதில் இருக்க வேண்டும். கொடுக்கும் உரிமை தன்னிடமே இருக்கிறது என்று அவர் உறுதி சொல்லும் ஒரு வரியும், அவருக்குப் பின் ராயல்டி யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் எழுதும் இடமும் வையுங்கள். தனி உரிமை கேட்காதீர்கள். நாளை வேறொருவரும் அதே கேமை வெளியிட அவர் அனுமதிக்கட்டும். அப்படிக் கேட்டால் கையெழுத்தும் சீக்கிரம் கிடைக்கும்.