தங்கச்சி, இங்கிலீஷை நம்ம ஊர்லயே தொடங்கு

ப்ளஸ் டூ முடிச்சிட்டு காலேஜுக்கோ வேலைக்கோ கிளம்புற நேரத்துல எல்லாரும் உன்கிட்ட சொல்றது ஒண்ணுதான்: "இங்கிலீஷ் பேசக் கத்துக்கோ." எப்படின்னு கேட்டா பதில் வராது. அகராதியை எடுத்து முதல் பக்கத்துல இருந்து மனப்பாடம் பண்ணாதே. அதுல உழைப்பு நிறைய, கையில நிக்கிறது கொஞ்சம். ஆலங்குளத்துல உன் காதுல விழுற, கண்ணுல படுற இங்கிலீஷை முதல்ல எடு.

நம்ம ஊர் அரசு சிமெண்ட் ஆலை 1970-ல வந்தது. ஷிஃப்ட், லோடு, குவாரி, கான்ட்ராக்ட், ஓவர்டைம், கிளிங்கர்னு அதோட சேர்ந்து வந்த சொல்லெல்லாம் இன்னைக்கு டீக்கடையில பேசுற பேச்சு. இதுபோக பஸ், டிக்கெட், டோக்கன், பில், ஃபார்ம், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக். எழுதிப் பார்த்தியானா நோட்டு நிறைஞ்சிடும். ஆனா பாரு, எல்லாமே பொருளோட பேரு. உன்கிட்ட இல்லாதது அந்தப் பேரோட போற வினைச்சொல். அதனால புதுச் சொல் தேடி ஓடாதே. தெரிஞ்ச பேரை எடுத்து, அதோட என்னென்ன செய்வோம்னு யோசிச்சு வினையைக் கோத்துக்கோ.

ஃபார்மை எடுத்துக்கோ. ஃபில் இன் த ஃபார்ம், சைன் த ஃபார்ம், சப்மிட் த ஃபார்ம். டிக்கெட்டா? புக் எ டிக்கெட், பை எ டிக்கெட், கேன்சல் த டிக்கெட். பில்லுக்கு பே த பில். ஷிஃப்ட்டுக்கு மை ஷிஃப்ட் ஸ்டார்ட்ஸ் அட் சிக்ஸ். தனிச் சொல்லா படிச்சா பேசும்போது தேடிக்கிட்டே நிப்பே. இப்படி ஜோடியா படிச்சா வாயில இருந்து ஜோடியாவே வரும்.

எத்தனை சொல் தெரிஞ்சா போதும்னு கேட்பே. வங்காளத்துல, டாக்காவில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வாசிப்பு எப்படிக் கைவரும்னு வருஷக்கணக்கா ஆராய்ஞ்சவர். 1953-ல அவர் தொகுத்து வந்த பட்டியல்ல ஏறக்குறைய 2,000 சொற்கள். சாதாரணமா படிக்கிற எழுத்துல சுமார் 80 சதவீதம் இந்த 2,000-க்குள்ளயே அடங்கிடும். அதுக்கு முன்னாடியே, 1930-ல, சி.கே. ஆக்டன்னு ஒருத்தர் 850 சொல்லே போதும்னு சொல்லி, வினைச்சொல்லை 18-ஓட நிறுத்தினார். அவ்வளவு சுருக்கினா பேச்சு நொண்டும்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா அவர் பிடிச்ச ஒரு விஷயம் உனக்கு உதவும்: கெட், கிவ், டேக், புட், கோ, கம் மாதிரி சின்ன வினைகள்தான் அதிக வேலை செய்யும். பஸ்ஸுல ஏறுறது கெட் ஆன். இறங்குறது கெட் ஆஃப். நம்ம பக்கம் இறங்குறதுக்கு கெட் டவுன்னு சொல்லுவோம், நம்ம ஆளுங்களுக்குப் புரியும். வெளியூர், வெளிநாட்டு ஆளுங்ககிட்ட கெட் ஆஃப்னே சொல்லு. கார்ல, ஆட்டோவுல இருந்து இறங்கினா கெட் அவுட்.

இப்போ நோட்டுப் பழக்கம். இங்கிலீஷ் சொல்லை நீ தமிழ் எழுத்துல எழுதி வைப்பே, தப்பில்லை. ஆனா தமிழ் எழுத்து ஒரு இடத்துல உன்னை ஏமாத்திடும். "பேக்"னு எழுதினா பையும் அதுதான், முதுகும் அதுதான், பொட்டலமும் அதுதான். "கோட்"னு எழுதினா ஆடா, போட்டுக்கிற கோட்டா? அதனால தொண்டை அதிர்ந்து ஒலிக்கிற எழுத்துக்கு அடியில ஒரு கோடு போட்டு வை. சொல்லிப் பார்க்கும்போது உள்ளங்கையை வாய்க்கு முன்னாடி வை. பொட்டலத்தோட முதல் எழுத்துக்குக் காத்து பட்டுனு கையில மோதணும், பையோட முதல் எழுத்துக்கு அப்படி மோதாது. அடுத்து, சொல்லோட கடைசியில "உ" ஒட்டிக்காம பார்த்துக்கோ. பஸ்ஸு, பேங்க்கு, லோடுன்னு நம்ம நாக்கு தானா சேர்த்துடும். மெய்யெழுத்துலயே நிறுத்திப் பழகு. இந்த ஒண்ணு சரியானாலே கேட்கிறவங்களுக்கு உன் பேச்சு எவ்வளவோ தெளிவாகிடும்.

வாசிக்கக் காசு செலவு பண்ண வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பாவைத் திருப்பிப் பாரு. இன்கிரீடியன்ட்ஸ், நெட் வெயிட், பெஸ்ட் பிஃபோர்னு ஒண்ணு ரெண்டாவது இருக்கும். சிவகாசிப் பட்டாசுப் பெட்டியில எப்படிக் கொளுத்தணும், எதைச் செய்யக் கூடாதுன்னு அச்சடிச்சிருப்பாங்க. அதெல்லாம் கட்டளை வாக்கியம். எழுவாய் வேண்டாம், காலம் மாத்த வேண்டாம், வினையில தொடங்கினா முடிஞ்சது. இங்கிலீஷ்ல வாக்கியம் கட்டிப் பழக இதைவிட லேசான இடம் கிடையாது.

ஆனா மனுஷங்ககிட்ட பேசும்போது கட்டளை வாக்கியம் வேண்டாம். இதை நல்லா மனசுல வாங்கிக்கோ, ஏன்னா நல்லா மார்க் வாங்கின பிள்ளைங்களும் இங்கதான் தடுமாறுறாங்க. தமிழ்ல "தண்ணி கொடுங்க"ன்னு சொன்னா அந்த "ங்க"லயே மரியாதை வந்துடுது. இங்கிலீஷ் வினையில ஒட்டுறதுக்கு அப்படி எதுவும் கிடையாது. "கிவ் மீ வாட்டர்"னா அதட்டுற மாதிரி இருக்கும். அங்க மரியாதை கேள்வியில இருக்கு: "குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?" பேங்க்ல "ஐ வான்ட் அக்கவுன்ட்" வேண்டாம், "ஐ வுட் லைக் டு ஓபன் அன் அக்கவுன்ட்". ஆஸ்பத்திரியில "குட் யூ டெல் மீ வேர் த ஃபார்மசி இஸ்?" குட் ஐ, குட் யூ, ஐ வுட் லைக். இந்த மூணு தொடக்கமும் யோசிக்காம வர்ற வரைக்கும் சொல்லிப் பாரு. கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" நம்ம வழக்கம், அதை அப்படியே மாத்தி ஐ வில் கோ அண்ட் கம்னு சொல்லாதே. "பை, ஸீ யூ" போதும்.

இன்டர்வியூவுல ஊரைச் சொல்லும்போது ஆலங்குளம்னு மட்டும் நிறுத்திட்டா, திருநெல்வேலி – தென்காசி ரோட்டுல இருக்கிற ஆலங்குளம்னு நினைச்சுக்குவாங்க. "ஐ அம் ஃப்ரம் ஆலங்குளம், நியர் ராஜபாளையம், இன் விருதுநகர் டிஸ்ட்ரிக்ட்"னு முழுசா சொல்லு. கூடவே "அவர் டவுன் ஹேஸ் எ கவர்ன்மென்ட் சிமெண்ட் பிளான்ட்"னு சேர்த்தியானா, அடுத்த கேள்வி பெரும்பாலும் அதைப் பத்தித்தான் வரும். பதில் உனக்குத் தெரிஞ்ச விஷயம்.

படிச்சதை மறுநாள் ஒருதடவை, மூணு நாள் கழிச்சு ஒருதடவை, அடுத்த வாரம் ஒருதடவை பார்த்துடு. ஒரே ராத்திரியில நூறு தடவை எழுதுறதைவிட இது நிலைக்கும். வாய்விட்டுச் சொல்லணும், மனசுக்குள்ள இல்ல. போன்ல பதிவு பண்ணிக் கேளு. பி.பி.சி 1943-லயே ரேடியோவில இங்கிலீஷ் பாடம் நடத்த ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அவங்க பாடம் போன்ல காசில்லாம கிடைக்குது. காலேஜ்ல சேர்ந்தா நம்ம அரசோட நான் முதல்வன் பயிற்சியையும் விட்டுடாதே, 2022-ல ஆரம்பிச்சது.

எதிர்ல இருக்கிறவங்க வேகமா பேசி உனக்குப் புரியலைன்னா தலையாட்டிட்டு வந்துடாதே. மருந்துச் சீட்டு, சம்பளம், கையெழுத்துன்னு வர்ற இடத்துல அது உனக்குத்தான் நஷ்டம். "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" "குட் யூ ஸ்பீக் எ லிட்டில் ஸ்லோலி, ப்ளீஸ்?" அப்பவும் பிடிபடலைன்னா, பேனாவை நீட்டி, "குட் யூ ரைட் இட் டவுன் ஃபார் மீ?" இந்த மூணையும் நோட்டோட முதல் பக்கத்துலயே எழுதி வை.