கவலையும் கதீஜா நாயகி காட்டிய வழியும்

உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் கவலை அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. உம்மாவுக்கு ஒரு கவலை, வாப்பாவுக்கு ஒரு கவலை, "இந்த முறை கம்பஸ் கிடைக்காவிட்டால் கல்யாணத்தைப் பார்ப்போம்" என்று சொல்லும் மூத்தம்மாவுக்கு இன்னொரு கவலை. மூன்று பாடங்கள், ஓர் இசட் புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் வெட்டுப்புள்ளி. இவற்றை நினைத்து ஓர் இரவேனும் விழித்துக் கிடக்காத உயர்தர மாணவி இருந்தால் அவளைக் காண எனக்கும் ஆசைதான்.

"கவலைப்படாதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் கவலைப்படாமல் இருப்பது எப்படி என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு. அந்தப் பதிலைச் செயலிலே காட்டிய ஒரு பெண்மணியை நாம் அஹதிய்யாவில் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். அப்போது அது வரலாற்றுப் பாடமாக இருந்தது. இப்போது மீண்டும் வாசிக்கும்போது அது கவலையைக் கையாளும் பாடமாகவும் எனக்குத் தெரிகிறது.

ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியபின் நபி (ஸல்) அவர்கள் நடுக்கத்தோடு வீடு திரும்பித் தம்மைப் போர்த்திவிடும்படி கேட்டார்கள். வீட்டார் போர்த்திவிட்டார்கள். அச்சம் தணிந்த பிறகே நடந்ததைக் கதீஜா (ரழி) அவர்களிடம் கூறி, தமக்கு என்ன நேருமோ என்று அஞ்சுவதாகச் சொன்னார்கள். ஸஹீஹுல் புகாரியின் ஆரம்பத்திலேயே இந்தச் செய்தி இருக்கிறது.

இதில் முதலில் நடந்தது பேச்சு அல்ல, போர்வை என்பதைக் கவனியுங்கள். நான் உயிரியல் படிப்பவள் என்பதால் இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பயம் வரும்போது சிறுநீரகங்களின் மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் அதிரீனலினைக் குருதியில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, சமிபாடு மந்தமாகிறது. உடல் ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ தயாராகிவிட்டது. அந்த நேரத்தில் நல்ல புத்திமதி சொன்னாலும் காதில் ஏறாது. வினாத்தாள் கடினமாக இருந்த அன்று அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது ஒரு கோப்பைத் தேநீரும் சற்று நேர அமைதியும்தான். விசாரணை பிறகு இருக்கட்டும்.

அடுத்து கதீஜா நாயகி சொன்ன வார்த்தைகள். அல்லாஹ் உங்களை ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான் என்று சொல்லி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அதற்குரிய காரணங்களையும் எடுத்துச் சொன்னார்கள். நீங்கள் உறவினரைச் சேர்ந்து நடக்கிறீர்கள், பிறர் சுமையைத் தாங்குகிறீர்கள், இல்லாதவருக்கு உழைத்துக் கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், துன்பத்தில் இருப்போருக்கு உதவுகிறீர்கள் என்ற கருத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறினார்கள். எல்லாமே அந்த மனிதர் உண்மையிலே செய்தவை. பக்கத்தில் இருந்து பார்த்த மனைவிக்கு நன்றாகத் தெரிந்தவை.

நமக்கு ஊக்கம் தேவைப்படும்போது நாம் என்ன செய்கிறோம்? அகில இலங்கையில் முதலிடம் பெற்ற மாணவியின் பேட்டியைத் தேடி வாசிக்கிறோம். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணித்தியாலம் படித்தார் என்று பார்க்கிறோம். வாசிப்பதில் தவறில்லை. ஆனால் அவருடைய கடிகாரம் நம் வீட்டுச் சுவரில் இல்லை. வாசித்து முடித்ததும் பலருக்குக் கவலை கூடித்தான் போகிறது. கதீஜா நாயகி கணவருக்கு ஊக்கம் கொடுக்க வேறு எவருடைய கதையையும் சொல்லவில்லை, அவருடைய வாழ்க்கையையே அவருக்கு எடுத்துக் காட்டினார்கள். சாதாரண தரத்தில் கணிதத்தில் முதல் தவணைக்கு முப்பது புள்ளி எடுத்த ஒரு தோழி பரீட்சையில் திறமைச் சித்தி பெற்றிருந்தால், அவளுக்கான ஊக்கம் அவளுடைய பழைய கொப்பியிலேயே இருக்கிறது. அதைத் தெரிந்தவர்கள் அவளுக்கு நினைவூட்ட வேண்டும்.

மூன்றாவதாக, அவர்கள் தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசவில்லை. முந்திய வேதங்களைக் கற்றிருந்த, பார்வை இழந்த முதியவரான தம் உறவினர் வரகா பின் நவ்ஃபல் அவர்களிடம் கணவரை அழைத்துச் சென்றார்கள். வரகா சொன்னது முழுவதும் இனிமையான செய்தி அல்ல. வந்தவர் மூஸா நபியிடம் வந்த அதே வானவர் என்று தெளிவுபடுத்தியதோடு, உம் சமூகத்தார் உம்மை ஊரைவிட்டு வெளியேற்றுவார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். தெளிவான கடினமான செய்தியைத் தாங்கிக்கொள்ளலாம். என்னவென்றே தெரியாத அச்சத்தோடு இருப்பதுதான் சிரமம். வெட்டுப்புள்ளி பற்றிப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக் கலங்குவதைவிட, பாட ஆசிரியையிடம் போய் "நான் எந்த அலகில் பலவீனம்?" என்று கேட்பது நல்லது. பதில் கசக்கலாம். ஆனால் அன்றிரவே படிக்க வேண்டியது என்னவென்று தெரிந்துவிடும்.

நபி (ஸல்) அவர்கள் அதிகம் கேட்ட துஆ ஒன்றில் ஹம்மு, ஹஸன் என்ற இரண்டிலிருந்தும் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். வரப்போவதைப் பற்றிய கவலை ஹம்மு என்றும், நடந்து முடிந்ததைப் பற்றிய துக்கம் ஹஸன் என்றும் அறிஞர்கள் விளக்குகிறார்கள். அதே துஆவில் அடுத்து வருபவை இயலாமையும் சோம்பலும். இந்த வரிசை என்னை யோசிக்க வைத்தது. கவலை நீண்டால் கை ஓய்ந்துவிடுகிறது. கை ஓய்ந்தால் கவலை இன்னும் வளர்கிறது. எங்கள் விடுதி நூலகத்தில் புத்தகத்தின் ஒரே பக்கத்தை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்கும் தோழிகளைக் கண்டவர்களுக்கு இது புரியும்.

இதற்கு உளவியலாளர்கள் சொல்லும் இரண்டு எளிய வழிகள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் தோமஸ் பொர்கொவெக்கும் அவருடைய குழுவினரும் 1983 இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கவலைப்படுவதற்கென்றே நாளில் ஒரு குறித்த நேரமும் இடமும் ஒதுக்கி, அரை மணித்தியாலம் அங்கேயே கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் அந்த நேரத்துக்கு ஒத்திவைக்க வேண்டும். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அஸருக்குப் பின் அதற்கென்று நேரம் வைத்தால், இரவில் வரும் கவலைக்கு "நாளை அஸருக்குப் பின் வா" என்று சொல்ல முடிகிறது. மற்றது 2011 இல் வெளிவந்த ஆய்வு. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பைலொக் ஆகியோர், பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் கவலைகளை எழுதிய மாணவர்கள், குறிப்பாக வழமையாகவே பரீட்சைப் பயம் உள்ளவர்கள், முன்னேறிய பெறுபேறு பெற்றதைக் கண்டார்கள். மனதின் ஒரு பகுதியைக் கவலை பிடித்துக்கொண்டால் கணக்குச் செய்ய இடம் போதாது. எழுதியதும் அந்த இடம் விடுபடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஒரு தாளும் பேனையும்தான் செலவு.

இவற்றோடு தீராத கவலையும் உண்டு. வாரக் கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை, எதிலும் மனம் செல்லவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அது ஈமான் குறைவு என்று சொல்லி மூடிவைக்கக் கூடாது. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவதுபோல இதற்கும் போக வேண்டும். பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையிடம் சொல்லலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சை முடிந்து மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பேப்பர் எப்படி?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா மகள்?" என்று கேளுங்கள். பேப்பரைப் பற்றி அவளாகவே சொல்லுவாள், பெரும்பாலும் இரண்டாவது பிடி சோற்றுக்குள்ளேயே.