இணைப்பானின் பிழைச் செய்திகள்: காரணமும் பரிகாரமும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசரால் நிறுவப்பெற்றது. அங்கு ஒருவர் பண்டங்களின் பட்டியலுடன் வருவதாகக் கொள்வோம். பட்டியலில் எழுத்துப்பிழை ஏதுமில்லை. எனினும், அதில் கண்ட பண்டம் ஒன்று எக்கடையிலும் இல்லையெனில் கொள்முதல் நிறைவேறாது. சீ, சீ++ மொழிகளில் நிரல் எழுதுவோரை மயங்கச் செய்யும் இணைப்புப் பிழையும் இத்தகையதே.

கம்பைலர் ஒவ்வொரு மூலக் கோப்பையும் தனித்தனியே ஆராய்ந்து பொறிமொழிக்கு மாற்றுகிறது. வேறிடத்திலுள்ள சார்பு ஒன்று அழைக்கப்படின், அதன் அறிவிப்பு மட்டுமே கம்பைலருக்குப் போதுமானது. பெயரைக் குறித்துக்கொண்டு முகவரியை வெற்றிடமாக விடுகிறது. அவ்வெற்றிடங்களை நிரப்புவது லிங்கர் என்னும் இணைப்பானின் பணியாகும். ஆகவே, இப்பிழைக்காக நிரலின் இலக்கணத்தை வரிவரியாகத் திருத்தும் மாணவன் நேரத்தை இழப்பதுடன், சரியாக இருந்த பகுதியையும் கெடுத்துவிடக்கூடும்.

இப்பிழைகளுள் இருவகை முக்கியமானவை.

முதலாவது, வரையறை காணப்படாமை. இதற்குக் காரணங்கள் நான்கு: சார்பு அடங்கிய கோப்பு இணைப்பிற்கு அளிக்கப்படாதிருத்தல், பெயரின் எழுத்து வேறுபடுதல், நூலகம் குறிக்கப்படாமலோ, முறைமாறியோ இருத்தல், சீ மொழிச் சார்பைச் சீ++ நிரல் அழைத்தல். லினக்ஸில் இணைப்பான் கோப்புகளை இடமிருந்து வலமாக நோக்குவதால், நூலகத்தைப் பயன்படுத்தும் கோப்பு முன்னும் நூலகம் பின்னும் வருதல் வேண்டும். வர்க்கமூலம் காணும் சார்பிற்குக் கணித நூலகத்தைக் கட்டளையின் இறுதியில் குறிப்பது இதன் பொருட்டே. சீ++ கம்பைலர் சார்பின் பெயருடன் அளபுருக்களின் வகையையும் சேர்த்து எழுதுவதால், சீ மொழியில் அமைந்த பெயருடன் அது பொருந்துவதில்லை. அறிவிப்பின் முன் ‘எக்ஸ்டெர்ன் "சீ"’ என எழுதுதலே இதற்குப் பரிகாரம்.

இரண்டாவது, ஒரே பெயர்க்குப் பல வரையறைகள் இருத்தல். தலைப்புக் கோப்பில் மாறி ஒன்றினை வரையறுத்து, அக்கோப்பை இரு மூலக் கோப்புகளில் சேர்த்தால் இது நேரும். கோப்புகள் தனித்தனியே மாற்றப்படுவதால், தலைப்புக் காப்பு இதனைத் தடுக்காது. அறிவிப்பைத் தலைப்பிலும், வரையறையை ஒரே மூலக் கோப்பிலும் வைத்தல் முறையாகும்.

ஐயம் தெளிய ‘என்எம்’ என்னும் கருவி உதவும். அதன் பட்டியலில் ‘யூ’ என்பது தேவைப்படும் பெயரையும், ‘டீ’ என்பது அக்கோப்பிலேயே வரையறுக்கப்பட்ட சார்பையும் குறிக்கும்.

ஆசிரியர், செய்தியில் காணும் பெயரை முதலில் மாணவனைப் படிக்கச் செய்தல் நன்று. பின்னர், அப்பெயர் எங்கு வரையறுக்கப்பட்டது, அக்கோப்பு இணைப்பிற்கு வந்ததா, எவ்வரிசையில் வந்தது என்னும் மூன்று வினாக்களை எழுப்புக. பெரும்பாலான இணைப்புப் பிழைகள் இவற்றின் விடையிலேயே தெளிவாகும்.