வேலை போனால் போவது சம்பளம் மட்டும்தானா?

வேலை போனவரிடம் நாம் வழக்கமாகச் சொல்கிற ஆறுதல்கள் இரண்டு. 'பணப் பிரச்சினைதானே, எப்படியாவது சமாளிச்சுக்கலாம்.' 'கொஞ்ச நாள் போனா எல்லாம் சரியாயிடும்.' அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மூன்றாவதாக ஒன்று சொல்வோம்: 'அவர் சுபாவமே அப்படி. எங்கதான் நிலைச்சு நின்னாரு?'

இந்த மூன்றும் உண்மைதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரே ஆளிடம், வேலையில் இருக்கும்போதும் வேலை போன பிறகும், வருஷா வருஷம் போய்க் கேட்க வேண்டும். ஜெர்மனியில் 1984-லிருந்து இதைச் செய்துவருகிறார்கள். சமூகப் பொருளாதாரத் தொடர் ஆய்வு என்று பெயர்; ஆய்வாளர்கள் சுருக்கமாக 'சோயெப்' என்பார்கள். பெர்லினில் உள்ள டி.ஐ.டபிள்யூ. என்ற பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் நடக்கிறது. மேற்கு ஜெர்மனியில் ஏறக்குறைய 6,000 குடும்பங்களோடு தொடங்கினார்கள். 1990 ஜூனில், இரண்டு ஜெர்மனிகளும் சட்டப்படி ஒன்றாவதற்குச் சில மாதங்கள் முன்பே, கிழக்கிலும் போய்க் கதவைத் தட்டிவிட்டார்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் வேலை, வருமானம், உடல்நிலை என்று எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பார்கள்: மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு திருப்தி? 0-க்கும் 10-க்கும் நடுவில் ஓர் எண் சொல்லுங்கள்.

'அன்னைக்கு மூடு எப்படியோ அப்படித்தானே பதில் வரும்?' என்று யாரும் கேட்கலாம். நியாயமான சந்தேகம். 1983-ல் நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்டு க்ளோர் என்ற இரண்டு உளவியலாளர்கள், வெயில் அடிக்கிற நாளில் போன் செய்தால் மக்கள் கூடுதல் திருப்தி சொல்கிறார்கள், மழை நாளில் குறைத்துச் சொல்கிறார்கள் என்று எழுதினார்கள். அவர்கள் பேசியது கொஞ்சம் பேரிடம்தான். 2013-ல் ரிச்சர்ட் லூகாஸும் நிக்கோல் லாலெஸும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை அன்றன்றைய வானிலையோடு பொருத்திப் பார்த்தபோது, வெயிலுக்கும் திருப்திக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு தனி மனிதரின் ஒரு நாள் பதில் ஆடலாம். ஆயிரக்கணக்கானவர்களின் பல வருடப் பதில்களை அவ்வளவு லேசில் ஒதுக்க முடியாது.

முதல் ஆறுதலுக்கு வருவோம். 1998-ல் ரைனர் விங்கெல்மனும் லிலியானா விங்கெல்மனும் சோயெப் குடும்பங்களில் வேலைக்குப் போகும் வயதிலுள்ள ஆண்களின் பதில்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரவரை அவரவருடைய முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டார்கள். வேலை போனபோது திருப்தி எண் விழுந்தது. அதில் வருமானம் குறைந்ததால் வந்த வீழ்ச்சி சிறு பங்குதான். மீதி பெரும்பங்குக்குப் பணம் காரணம் அல்ல. உதவித்தொகை கொடுத்து வருமானத்தை ஈடுகட்டினாலும் அந்தப் பகுதி அப்படியே இருக்கும்.

அது என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சாட்சியம் 2014-ல் வந்தது. கிளெமென்ஸ் ஹெட்ஷ்கோ, ஆந்த்ரேயாஸ் க்னாபே, ரோனி ஷோப் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள், நீண்ட காலம் வேலையில்லாமலே இருந்து, அப்படியே ஓய்வு வயதை எட்டியவர்களைக் கவனித்தார்கள். யோசித்துப் பாருங்கள்: நேற்றும் இவருக்கு வேலை இல்லை, இன்றும் இல்லை. அதே வீடு, அதே நாள் பொழுது, கையில் வரும் காசிலும் பெரிய மாற்றம் இல்லை. காகிதத்தில் மட்டும் 'வேலையற்றவர்' என்பது போய் 'ஓய்வு பெற்றவர்' என்று ஆகிறது. அவர்களுடைய திருப்தி எண் சட்டென்று மேலே ஏறியது. வேலையிலிருந்து ஓய்வுக்குப் போனவர்களிடம் அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை. 'என்ன பண்றீங்க?' என்று யாராவது கேட்டால் தலைகுனியாமல் பதில் சொல்ல முடிகிறது. கூடியது அது ஒன்றுதான். உழைக்க வேண்டிய வயதில் உழைக்கவில்லை என்ற கூச்சம் நீங்கியதுதான் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'பணம்தானே' என்பது வலிக்காத இடத்தில் தைலம் தேய்ப்பது.

மூன்றாவது பேச்சை இங்கேயே முடித்துவிடலாம். எப்போதும் அதிருப்தியோடு இருப்பவர்களுக்குத்தான் வேலை போகிறது என்றால், கணக்கே தலைகீழாகிவிடும். ஒரே ஒரு தடவை எடுக்கும் சர்வேயால் இதைப் பிரித்துச் சொல்லவே முடியாது. அதனால் வேறு ஆய்வாளர்கள், மொத்தக் கம்பெனியும் மூடப்பட்டு வேலை இழந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். முதலாளி கடையை மூடுவதற்கும் தொழிலாளியின் சுபாவத்துக்கும் சம்பந்தம் இல்லை அல்லவா? அவர்களிடமும் அதே வீழ்ச்சி இருந்தது.

காலம் ஆற்றிவிடும் என்ற இரண்டாவது ஆறுதல் பாதி உண்மை. திருமணத்தால் ஏறிய எண் சில ஆண்டுகளில் சராசரியாகப் பழைய இடத்துக்கே இறங்கிவிடுகிறது. வாழ்க்கைத் துணையைப் பறிகொடுத்தவர்களின் எண் பாதாளத்துக்குப் போனாலும், வருடங்கள் செல்லச் செல்ல மெல்ல மீள்கிறது. வேலையிழப்பு அப்படி இல்லை. 2004-ல் லூகாஸும் அவர் குழுவினரும் 24,000-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர்களின் 15 ஆண்டுப் பதில்களை வைத்து எழுதினார்கள்: வேறு வேலை கிடைத்த பிறகும் பழைய திருப்தி சராசரியாக முழுசாகத் திரும்பவில்லை. ஏற்கெனவே ஒருமுறை வேலை இழந்தவருக்கு, இரண்டாம் முறை இழக்கும்போது பழகிப்போய் வலி குறைவதும் இல்லை.

அடுத்தது, சுபாவம் என்றோமே, அந்தக் குணம் மாறவே மாறாதா என்ற கேள்வி. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது நம் ஊர்த் தீர்ப்பு. 2005-லும் 2009-லும் சோயெப் கேள்வித்தாளில் 15 சிறு வாக்கியங்களைச் சேர்த்தார்கள். எடுத்த வேலையை ஒழுங்காக முடிப்பேன், அடிக்கடி கவலைப்படுவேன், சில சமயம் மற்றவர்களிடம் கடுமையாக நடந்துகொள்வேன் என்ற ரகம். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 7 வரை சொல்ல வேண்டும். யூலே ஷ்பெஷ்ட்டும் குழுவினரும் 14,718 பேரின் பதில்களைப் பார்த்து 2011-ல் சொன்னது: குணம் பெரும்பாலும் நிலையாக இருப்பது 40-லிருந்து 60 வயது வரைதான். அதற்கு முன்னும் மாறுகிறது. அறுபதைத் தாண்டினால் மறுபடியும் அசைகிறது. பொறுப்புணர்வு மட்டும் விதிவிலக்கு, வயது ஏற ஏறக் கெட்டிப்படுகிறது.

ஆனால் இந்தப் பழமொழியை உடைக்கிற அவசரத்தில் இன்னொரு கட்டுக்கதை முளைத்துவிட்டது. 2015-ல் கிறிஸ்டோபர் பாய்ஸும் மூவரும் அதே தரவிலிருந்து, வேலையின்மை நீள நீள ஆண்களின் பொறுப்புணர்வு குறைகிறது என்று எழுதினார்கள். வேலையில்லாமல் இருப்பவன் குணமே கெட்டுவிடும் என்று பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 6,769 பேரை ஆராய்ந்திருந்தாலும், தொடர்ந்து வேலையில்லாமல் இருந்தவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர்தான். அவர்களையும் ஆண், பெண், எத்தனை ஆண்டு என்று கூறுபோட்டால் ஒவ்வொரு கூறிலும் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? 2019-ல் டிமோ க்னாம்ப்ஸும் பார்பரா ஷ்டீக்ல்பவரும், என்னென்ன சோதிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு மறுபடி செய்து பார்த்தார்கள். அந்தக் குண மாற்றம் தென்படவில்லை. என் கணிப்பில், வேலை கொடுக்க மனமில்லாதவர்களுக்கு மிகவும் வசதியான முடிவு என்பதாலேயே முதல் ஆய்வு அத்தனை தூரம் ஓடியது.

முழு நேர வேலை கிடைத்தால்தான் மனசு தேறும் என்பதும் நிற்கவில்லை. பிரிட்டனில் 2009-லிருந்து இதேபோல் நடக்கும் குடும்ப ஆய்வில், 2018 வரையிலான 71,113 பேரின் பதில்களை தைகா கமெரேட், பிரெண்டன் பர்ச்செல் முதலியோர் அலசினார்கள். வாரத்துக்கு 8 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ சம்பள வேலைக்குப் போனவர்களுக்கே மனநலப் பாதிப்புக்கான வாய்ப்பு சராசரியாக 30 சதவீதம் குறைந்தது. அதற்கு மேல் மணிக்கணக்கு கூடியதால் மனநலம் கூடுதலாகத் தேறியதாகத் தெரியவில்லை. வாரம் 8 மணி நேரக் கூலியில் வாடகை கட்ட முடியுமா என்று அவர்கள் கணக்குப் போடவில்லை. அவர்கள் அளந்தது மனநலத்தை மட்டும்.