நகத்தில் தொற்றும் பங்கசுக்கள்

க.பொ.த. (சா/த) விஞ்ஞானம் – நுண்ணங்கிகளும் நோய்களும்

உங்கள் அம்மம்மாவின் கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் உதிர்வதைக் கண்டிருக்கிறீர்களா? "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவோம். ஆயினும் இவ்வாறு மாறிய நகங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு பங்கசுத் தொற்றினால் ஏற்பட்டவை. அவருக்கு நீரிழிவும் இருப்பின் இது சிறிய விடயமன்று.

1. நகம் எவ்வாறு உணவாகின்றது?

பங்கசுக்களில் பச்சையம் இல்லை. எனவே அவை பிறபோசணிகள். நொதியங்களை வெளியே சுரந்து, உணவைச் சமிபாடடையச் செய்து, பின் உறிஞ்சுகின்றன. நகம் கெரற்றின் எனும் புரதத்தாலானது. கெரற்றினைச் சிதைக்கும் நொதியமுள்ள பங்கசுக்கு நகம் உணவாகும். ஈரலிப்பும் இளஞ்சூடும் வளர்ச்சியைத் தூண்டும்.

2. நோயாக்கிகள்

(அ) தோற்பங்கசுக்கள்: ட்ரைக்கோபைற்றன் ரூப்ரம். உலகளவில் கால்நகத் தொற்றின் பிரதான காரணி.

(ஆ) மதுவம்: கன்டிடா அல்பிகன்ஸ். மீன் வெட்டுவோர், பாத்திரம் கழுவுவோர் போன்று கை எப்போதும் நனைந்திருப்போரின் கைநகங்களில் கூடுதலாகக் காணப்படும்.

(இ) பூஞ்சணங்கள்: அஸ்பெர்ஜிலஸ், பியூசேரியம். மண்ணிலும் உக்கும் பொருள்களிலும் வாழ்பவை. இலங்கை நீரிழிவு நோயாளரிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்று, அஸ்பெர்ஜிலஸ் நகத்தொற்றில் முக்கியத்துவம் பெற்று வருவதைக் காட்டியது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரை வயல்களில் வேலை செய்வோரை எண்ணிப்பாருங்கள். சேற்று ஈரமும் நகத்தில் படும் சிறு காயமும் பங்கசு உட்புக வழி செய்கின்றன.

3. நோயாளருக்கு ஏன் ஆபத்து கூட?

• நீரிழிவில் பாதத்துக்கான குருதியோட்டமும் உணர்ச்சியும் குறையலாம். தடித்த நகம் அருகிலுள்ள தோலைக் கிழித்தாலும் வலி தெரியாது. அக்காயத்தினூடு பற்றீரியா புகுந்தால் புண் ஆழமாகி, சிலவேளை விரலையே அகற்ற நேரிடும்.

• புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரிலும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோரிலும் நிர்ப்பீடனம் குறைவு. வெண்குழியங்கள் மிகக் குறைந்தவரில் நகத்திலுள்ள பியூசேரியம் குருதிக்கும் பரவக்கூடும்.

4. உறுதிப்படுத்தல்

சொரியாசிஸ் போன்ற நோய்களிலும் நகம் இவ்வாறே மாறும். எனவே பார்வையால் மட்டும் முடிவு செய்யலாகாது. நகச்சுரண்டலைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டால் கெரற்றின் கரையும். பங்கசிழைகள் நுணுக்குக்காட்டியில் தெரியும். பின்னர் சபரோ ஏகாரில் வளர்த்து இனம் காணப்படும்.

5. சிகிச்சைக்கு ஏன் நீண்டகாலம்?

கால்நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும். 15 மி.மீ. நீளமான நகம் முற்றாகப் புதிதாக வளர 15 ÷ 1 = 15 மாதங்கள் செல்லும். கால்நகத்திற்கு டேர்பினாபீன் மாத்திரை வழமையாக 12 வாரங்கள் கொடுக்கப்பட்டாலும் நல்ல நகம் தெரிய ஓராண்டுக்கு மேலாகலாம். மருந்து பயனில்லை என்று இடையில் நிறுத்துவது தவறு. வைத்தியரின் ஆலோசனையின்றிக் குடிப்பதும் தவறு. இம்மருந்து ஈரலைப் பாதிக்கலாம்.

6. தடுத்தல்

• கால்விரல் இடைகளை நன்கு துடைத்து உலர்த்தல்.
• நகவெட்டி, செருப்பு, துவாய் என்பவற்றைப் பகிராதிருத்தல்.
• நீரிழிவு உள்ளவரின் பாதத்தைத் தினமும் பார்த்தல். கண்பார்வை குறைந்தோருக்கு இவ்வுதவியை நீங்களே செய்யலாம்.

மாதிரி வினா

பென்சிலின் நகப்பங்கசை அழிக்காதது ஏன்?

விடை: பென்சிலின் பற்றீரியாவின் கலச்சுவர் உருவாவதையே தடுக்கும். பங்கசின் கலச்சுவர் கைற்றினைக் கொண்ட வேறு அமைப்புடையது, ஆகவே பாதிக்கப்படாது.

(குறிப்பு: "பங்கசு நுண்ணங்கி என்பதால்" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது. கலச்சுவர் வேறுபாட்டைக் கட்டாயம் குறிப்பிடுக.)